ரப்பரும் சுருள்வில்லும் ஓடுதளமும்: வடசென்னையும் பந்தய வண்டிச் செட்டிங்கும்

பந்தயத்தில் ஓடும் வண்டி எதுவாயினும், அது ஆள் ஏறி ஓட்டும் காராக இருந்தாலும், ஒரு முழ நீளத்துக்குள் அடங்கி ரேடியோ அலையின் கட்டளைக்கு ஓடும் மின் பக்கியாக இருந்தாலும், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே அது வெல்வதில்லை. ஓடப்போகும் தரையைப் பார்த்து, அதன் டயர், சுருள்வில், அதிர்வுதாங்கி, சக்கரச் சாய்வு, பல்சக்கர விகிதம் ஆகியவற்றை ஒன்றுக்கொன்று இசையும்படி மாற்றிய பிறகே அது பந்தய வண்டியாகிறது. பட்டறைகளில் 'செட்டிங்' என்று வழங்கும் இந்த வேலைக்கு இந்திய மோட்டார் பந்தய வரலாற்றில் உரிய இடம் கிடைத்ததில்லை. அந்த வரலாறு சமஸ்தான மன்னர்கள், தொழிலதிபர்கள், கோப்பை வென்ற ஓட்டுநர்கள் ஆகியோரின் பெயர்வரிசையாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. அதை விடுத்து, ரப்பர் எங்கே பதப்படுத்தப்பட்டது, அதிர்வுதாங்கி எங்கே பூட்டப்பட்டது, வண்டி எந்தத் தரையில் சோதிக்கப்பட்டது என்ற கேள்விகளை முன்வைத்தால், சென்னையைப் பொறுத்தவரை விடைகள் திருவொற்றியூர், எண்ணூர், சோழவரம் ஆகிய மூன்று ஊர்களுக்குள் பெருமளவு அடங்கிவிடுகின்றன.

இவ்வூர்களுக்குத் தொழில் வந்த வழி பலரும் அறிந்ததே. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. துறைமுகமும் ரயிலும் அருகருகே அமைந்ததால், கடலோரமாக வடக்கே நீண்ட மணற்பாங்கான நிலம் தொழிற்சாலைகளுக்கு ஏற்றதாயிற்று. 1948-இல் ரகுநந்தன் சரண் நிறுவிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தரத் தொடங்கியது. பிரிட்டனின் லேலண்ட் நிறுவனம் பங்குதாரராகச் சேர்ந்த பின் 1955-இல் அதன் பெயர் அசோக் லேலண்ட் என்றாகி, காரைக் கைவிட்டு லாரியும் பஸ்ஸும் அதன் தொழிலாயின. பந்தயத்துக்கும் லாரிக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்றாலும், அளவு பார்த்துக் கடையத் தெரிந்த டர்னர்களும் ஃபிட்டர்களும் வடசென்னையில் ஒரு தலைமுறைக்குள் பெருகியதற்கு எண்ணூர் ஆலையும் அதைச் சுற்றி எழுந்த லேத் பட்டறைகளும் முக்கியக் காரணங்கள்.

ரப்பரின் கதை இதைவிடச் சுவையானது. கேரளத்தைச் சேர்ந்த கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கினார். பலூன் தயாரிப்பு எளிய வேலை போலத் தோன்றினாலும், ரப்பரின் குணங்களை அறிய அதைவிட நல்ல பள்ளி இல்லை எனலாம். பலூன் வடிவ அச்சுகளை முதலில் பாலை உறையச் செய்யும் உப்புக் கரைசலில் தோய்த்து, பிறகு அம்மோனியா சேர்த்துக் கெடாமல் வைத்த ரப்பர் பாலில் தோய்த்து எடுத்தால் மெல்லிய படலம் படியும். அதை உலர்த்தி, கந்தகத்தின் துணையோடு சூட்டில் வேகவைத்தால்தான் அது இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் பொருளாகும். இந்த வேகவைத்தலே வல்கனைசிங் எனப்படுகிறது. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்ட முறை அது. சூடு குறைந்தால் ரப்பர் பிசுபிசுக்கும், மிகுந்தால் வெடிக்கும். காற்று அடைத்தவுடன் குறை தெரிந்துவிடும் என்பதால் பலூன்காரருக்குத் தவறு செய்ய இடம் குறைவு.

1949-இல் தம்பு செட்டித் தெருவில் அலுவலகம் திறந்த அவரது மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி, 1952-இல் டிரெட் ரப்பர் தயாரிப்பில் இறங்கியது. டிரெட் ரப்பர் என்பது தேய்ந்த டயரின் மேல்தோலைச் சுரண்டி, பசை தடவி, அதன்மேல் ஒட்டி அச்சுக்குள் வைத்து மீண்டும் வேகவைக்கும் புதுப்பட்டை; ரீட்ரெடிங் என்று ஊர்ப்புறங்களிலும் வழங்கும் தொழில் இதுவே. புது டயர் கிடைப்பது அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த காலத்தில் லாரிக்காரர்களின் பிழைப்பு இந்தப் பட்டையை நம்பியே இருந்தது. பலூனிலிருந்து டிரெட் ரப்பருக்கு மாறியபோது கேள்வியும் மாறியது: எவ்வளவு நீளும் என்பது போய், எந்தச் சாலையில் எவ்வளவு நாள் தேயாமல் நிற்கும் என்பது வந்தது. புகைக்கரித் துகளான கார்பன் பிளாக்கைக் கலந்தால் ரப்பர் உறுதியாகி மெல்லத் தேயும். மென்மையாக வைத்தால் தரையின் சிறு மேடுபள்ளங்களுக்குள் அமிழ்ந்து நன்றாகப் பிடிக்கும், ஆனால் விரைவில் கரையும். பிடிப்பும் ஆயுளும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற இந்த உண்மையே பந்தய டயரின் அரிச்சுவடி. லாரிக்காரர் ஆயுளின் பக்கம் நிற்பார், பந்தயக்காரர் பிடிப்பின் பக்கம் நிற்பார். இருவருக்கும் கலவை தருவது ஒரே அறிவுதான்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1961-இல் மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி முழு டயர் செய்யத் தொடங்கியது. 1963-இல் திருவொற்றியூரில் ரப்பர் ஆராய்ச்சி மையத்துக்கு ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். பிற்காலத்தில் எம்.ஆர்.எஃப். என்ற பெயரில் இந்நிறுவனம் கார்ப் பந்தயங்களுக்கும் மண்சாலை ராலிகளுக்கும் மோட்டோகிராஸ் எனப்படும் மண்மேட்டு பைக் பந்தயங்களுக்கும் டயரும் ஆதரவும் தந்தது. அதைப் பெரும்பாலோர் விளம்பர உத்தியாகவே பார்க்கின்றனர். அது முழு உண்மையன்று: ஒரு கலவை சூட்டில் எப்படிக் குலைகிறது என்பதைச் சாலையில் அறிய மாதக்கணக்காகும், பந்தயத்தில் அதை ஒரு பிற்பகலில் அறியலாம்.

செட்டிங்கின் இரண்டாவது பகுதியான அதிர்வுதாங்கி, என்ஃபீல்டு புல்லட்டோடு திருவொற்றியூருக்கு வந்தது. கே. ஆர். சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை அமைத்தன. உதிரிப்பாகங்களை வரவழைத்துப் பூட்டுவதில் தொடங்கிய வேலை, சில ஆண்டுகளில் முழு வண்டியையும் இங்கேயே செய்வதாக வளர்ந்தது. எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்ததே இதன் தொடக்கம் என்பது அடிக்கடி சொல்லப்படும் செய்தி. ஆனால் கரடுமுரடான எல்லைப் பாதைக்கு அந்த வண்டி ஏன் ஏற்றதாயிற்று என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. புல்லட்டின் பின்சக்கரம், ஒரு முனையில் கீல் வைத்து ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்ம் என்ற சட்டத்தில் அமைந்து, எண்ணெய் நிரப்பிய அதிர்வுதாங்கிகளால் தாங்கப்பட்டது. பின்சக்கரத்தை அசையாமல் சட்டத்தோடு இறுக்கும் வழக்கம் பரவலாக இருந்த காலம் அது; 1948-இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் மண்சாலைச் சோதனைப் போட்டியில் வென்ற பிரிட்டன் அணியில் இப்புதிய அமைப்பைக் கொண்ட புல்லட்டுகளும் இருந்தன.

எண்ணெய் இங்கே செய்யும் வேலையைச் சற்று அருகிலிருந்து காண்பது தகும். சுருள்வில் மட்டும் இருந்தால், பள்ளத்தில் இறங்கும்போது அது அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கியதை உடனே திருப்பிக் கொடுத்து வண்டியைத் துள்ளவைக்கும். துள்ளும் நேரத்தில் சக்கரம் தரையை விட்டு எழும். தரையை விட்ட சக்கரம் இழுக்கவும் செய்யாது, திரும்பவும் செய்யாது. அதிர்வுதாங்கிக்குள் சிறு துளைகள் வழியே எண்ணெய் பிதுங்கிச் செல்ல வேண்டியிருப்பதால் அந்தத் துள்ளல் மெதுவாக்கப்பட்டு, வில்லின் ஆற்றல் எண்ணெயின் சூடாக மாறி அடங்குகிறது. துளை பெரிதானால் வண்டி ஆடும், சிறிதானால் விறைக்கும். எண்ணெய் மெலிந்தாலும் ஆடும், தடித்தாலும் விறைக்கும். இந்த இரு மாறிகளைக் கையாளத் தெரிந்தவரே மண்பாதை வண்டிக்குச் செட்டிங் செய்யத் தெரிந்தவர்.

இந்த அறிவெல்லாம் கூடிய களம் சோழவரம். செங்குன்றத்தை அடுத்து, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய இவ்வூரில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்தபின் பயனற்றுக் கிடந்த விமானதளங்கள் பந்தயக் களங்களானது அன்று உலகெங்கும் நிகழ்ந்தது: இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் 1948-இல் கார்ப் பந்தயம் தொடங்கியது ஒரு விமானப்படைத் தளத்தில்தான், இலங்கையில் களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்தை ஓடுதளமும் அவ்வாறே பந்தயத் தடமாயிற்று. சென்னையில் 1953-இல் அமைந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பும், அதன் நிறுவனர்களில் ஒருவரான இந்து சந்தோக் போன்றோரும் சோழவரத்தை நாடறிந்த களமாக்கினர். 1950-களிலிருந்து 1980-களின் இறுதிவரை இந்தியாவின் தலையாய கார், பைக் பந்தயங்கள் அங்கே நடந்தன. ஒரு காலத்தில் ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஓடிய என்சைன் காரை விஜய் மல்லையா அங்கே ஓட்டியது இன்றும் பேசப்படுகிறது. பேசப்படவேண்டியது அதுவன்று, விலை கொடுத்து வாங்கிய ஒரு காரைவிட, உள்ளூரில் கிடைத்த வண்டிகளை வைத்துக்கொண்டு அதே தடத்தில் ஓடியவர்களின் வேலையே வரலாற்றுக்குப் பொருள் தருவது.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாயிருந்த அக்காலத்தில், பந்தயத்துக்குக் கிடைத்தவை ஃபியட், அம்பாசிடர், சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் செய்த ஹெரால்டு ஆகிய குடும்பக் கார்களே. எஞ்சின் தலையைச் சிறிது கடைந்து அழுத்தத்தைக் கூட்டுதல், ஃபிளைவீல் என்னும் கனச்சக்கரத்தின் எடையைக் குறைத்தல், இருக்கைகளையும் பம்பர்களையும் கழற்றிவிடுதல் ஆகியவை பந்தயப் பட்டறைகளின் பொதுவழக்கம். இவற்றுக்கு நல்ல லேத்தும் பொறுமையும் போதும். கடினமான பகுதி சக்கரங்களில் இருந்தது. ஹெரால்டின் பின்சக்கரங்கள், குறுக்கே கிடந்த பட்டைவில்லில் தொங்கி, ஊசலாடும் அச்சுகளில் அமைந்தவை. வளைவில் ஓட்டுநர் திடீரென ஆக்ஸிலரேட்டரை விட்டால் காரின் பின்புறம் மேலெழும்பி, சக்கரத்தின் அடிப்பகுதி உட்புறமாக மடங்கிக்கொள்ளும், டயர் தன் விளிம்பில் நிற்கும், கார் சுழன்றுவிடும். சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் இந்தக் கோணத்துக்குக் கேம்பர் என்று பெயர். பின்புறத்தைத் தாழ்த்தி, நிற்கும்போதே சக்கரங்களின் மேற்பகுதி சற்று உட்புறம் சாய்ந்திருக்கும்படி வைத்தால் வளைவில் டயரின் முழு அகலமும் தரையில் படியும். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் கடும் வேகத்திலிருந்து தடுத்துத் திரும்பவேண்டியிருந்த சோழவரம் போன்ற தடத்தில், ஒரு பாகை சாய்வு என்பது சிறு விஷயமன்று. 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் அந்த ஊசலாடும் அச்சையே கைவிட்டு இறுகிய அச்சுக்கு நிறுவனம் திரும்பியதை நோக்க, பந்தயக்காரர் மட்டுமன்றிச் சாதாரண மெக்கானிக்குகளும் அதனோடு மல்லாடியிருக்கின்றனர் என்று கொள்ளலாம்.

1988-இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றையாள் பந்தயக் காரை வடிவமைத்தார். குறைந்த செலவில் எல்லோருக்கும் ஒரே வகை வண்டி என்ற கருத்து அதனோடு வேரூன்றியது. 1990-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரத் தடத்தைத் திறந்தது. சோழவரத்தின் காலம் முடிந்தது. ஹூண்டாய் அதே இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது 1990-களின் பிற்பகுதியில். ராயல் என்ஃபீல்டு ஒரகடத்தில் புதிய ஆலை திறந்தது 2013-இல். மோட்டார்த் தொழில் வடக்கிலிருந்து தென்மேற்குக்கு நகர்ந்ததைப் பற்றி எழுதுவோர், பந்தயம் அதற்குப் பல்லாண்டு முன்பே அங்கே போய்விட்டதைக் குறிப்பிடுவதில்லை.

முழுஅளவு வண்டிகள் இவ்வாறு இடம்பெயர்ந்த அதே பத்தாண்டுகளில், செட்டிங் என்னும் கலை வேறோர் அளவில் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. திருவொற்றியூரில் விளையாட்டுப் பொருளிலிருந்து பந்தய டயருக்குப் போன பாதை ஒன்று என்றால், ரேடியோ பக்கியின் பாதை அதற்கு நேரெதிரானது. பந்தய வண்டி சுருங்கி விளையாட்டுப் பொருளாகி, ஆனால் பந்தய வண்டியின் சிக்கல்களில் ஒன்றைக்கூட விடாமல் தன்னோடு எடுத்துச் சென்றது. ரேடியோ அலையால் ஒரு சிறு படகை இயக்கிக் காட்டியவர் நிகோலா டெஸ்லா, 1898-இல். ஜப்பானின் தாமியா நிறுவனம் 1979-இல் மணலில் ஓடும் மின் பக்கிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் 1984-இல் ஆர்சி10 என்ற பக்கியை வெளியிட்டது. பத்தில் ஒரு பங்கு அளவிலான இத்தகைய மின் பக்கிகளுக்கு 1985-இல் கலிஃபோர்னியாவின் டெல் மார் நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது.

இத்தகைய பக்கியைப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்யும் முறை, புல்லட்டிலும் ஹெரால்டிலும் கண்ட அதே இயல்களைப் பின்பற்றுகிறது. விரலளவே உள்ள அதிர்வுதாங்கிகளில் சிலிகோன் எண்ணெய் ஊற்றி, காற்றுக்குமிழி எல்லாம் வெளியேறும்வரை தண்டை மெல்ல ஏற்றி இறக்கி, பிறகு மூடவேண்டும். ஒரு குமிழி உள்ளே தங்கினாலும் இடதும் வலதும் வேறுவேறாக நடக்கும். அடுத்து, பாட்டரி முதலிய எல்லாச் சுமையோடும் வண்டியைச் சிறு உயரத்திலிருந்து விட்டு, அது நிலைகொள்ளும் உயரத்தை அளந்து, சுருள்வில்லின் திருகைத் திருப்பி இருபது மில்லிமீட்டரை ஒட்டி வைப்பர். பின்சக்கரங்கள் முன்னோக்கிச் சற்றுக் குவிந்திருக்கும்படி ஏறத்தாழ மூன்று பாகை தருவது வழக்கம். மண்ணில் வழுக்கும் பின்புறத்தை நேராக வைப்பது அந்தக் குவிவே. வளைவில் உட்சக்கரமும் வெளிச்சக்கரமும் வேறுபட்ட வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரென்ஷியலிலும் எண்ணெயின் தடிமனை மாற்றலாம். டயரில் காற்று கிடையாது. உள்ளே நுரைப்பஞ்சு வைத்து, விளிம்பைப் பசையால் ரிம்மோடு ஒட்டுவர். ஆகவே காற்றழுத்தம் என்ற மாறி இங்கே இல்லை. அதன் இடத்தை ரப்பரின் மென்மையும் மேலுள்ள முட்களின் நீளமும் எடுத்துக்கொள்கின்றன. எண்ணூர்க் கடற்கரை போன்ற உதிர்மணலுக்கு நீண்ட முட்கள் வேண்டும். செங்குன்றத்துச் செம்மண் வெயிலில் இறுகிய பின் அதே நீண்ட முட்கள் மடங்கிக்கொண்டு வண்டியை நெளியவைக்கும். அங்கே நெருக்கமான குட்டை முட்களே சரி.

மின்சாரம் சேர்த்தது ஒரு புதுக் கணக்கை. மோட்டாரின் தண்டில் உள்ள சிறு பல்சக்கரம் பினியன் எனப்படுகிறது. அதில் ஒரு பல்லைக் கூட்டினால் நேர்ப்பாதையில் வேகம் கூடும், ஆனால் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும், சூடு மிகுந்தால் உள்ளிருக்கும் காந்தம் வலுவிழக்கும். ஆகவே ஓட்டி நிறுத்தியவுடன் மோட்டாரின் சூட்டைப் பார்த்தே அடுத்த பினியன் முடிவாகும். முன்பு நிக்கல்-காட்மியம் செல்கள் ஆறு சேர்ந்து 7.2 வோல்ட் தந்தன; இன்று லித்தியம்-பாலிமர் செல்கள் இரண்டு 7.4 வோல்ட் தருகின்றன. குளிர்நாட்டுக்காரர் எழுதிவைத்த செட்டிங் குறிப்புகளை அப்படியே சென்னையின் மே மாத வெயிலுக்குக் கொண்டுவருவது பயன்தராது: எண்ணெய் மெலியும், டயர் இளகும், மோட்டார் ஓடுமுன்பே சூடாயிருக்கும். ஆகவே எண்ணெயை ஒரு படி தடித்ததாகவும் பினியனை ஒரு பல் குறைவாகவும் கொண்டு தொடங்குவதே விவேகம்.

இந்தியாவில் இந்த விளையாட்டு தாமதமாக வேர்பிடித்ததற்கு விலையும் சுங்கவரியும் மட்டும் காரணமல்ல. 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், ரேடியோ கருவி வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும் என்றது. சென்னைத் துறைமுகத்தை அடுத்து, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1960-களின் இறுதியில் உருவான பர்மா பஜார்தான் வெளிநாட்டு மின்னணுப் பொருள்களுக்கு நகரத்தின் வாசலாக நெடுங்காலம் இருந்தது. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் கருவிகளில் அலைவரிசையைத் தீர்மானித்தது ஒரு சிறு படிகக்கல். இருவரிடம் ஒரே எண் படிகம் இருந்தால், ஒருவரின் திருகுக்கு மற்றவரின் வண்டி திரும்பும் என்பதால், பந்தயங்களில் அலைவரிசை எண் பொறித்த பட்டையை வைத்திருப்பவர் மட்டுமே கருவியை இயக்கலாம் என்ற ஒழுங்கு இருந்தது. 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமம் இன்றி அரசு திறந்துவிட்டது. புதிய கருவிகள் தாமே வெற்று இடம் தேடிக்கொள்வதால் படிகமும் பட்டையும் வழக்கொழிந்தன.

மின் பக்கி மீண்டும் ஆள் ஏறும் அளவுக்கு வளர்ந்ததும் இந்தியாவில் நிகழ்ந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்.ஏ.இ. இந்தியா என்ற மோட்டார்ப் பொறியாளர் அமைப்பு, பொறியியல் மாணவர்களே வடிவமைத்துச் செய்யும் ஒற்றையாள் மண்பாதை பக்கிகளுக்கான பாஹா போட்டியை 2007-இல் தொடங்கியது; 2015-இல் மின்சாரப் பிரிவும் அதில் சேர்ந்தது. திருவொற்றியூரில் பலூனில் தொடங்கிய ரப்பரின் பாதையும் நீண்டது: 2022-இல் ஐரோப்பிய ராலிப் போட்டியின் ஓட்டுநர் பட்டத்தை வென்ற ஸ்பெயின் நாட்டு எஃப்ரேன் யரேனாவின் கார் ஓடியது எம்.ஆர்.எஃப். டயரில்.

சென்னை நகருக்குள் பந்தயம் திரும்பியது 2024 ஆகஸ்ட் இறுதியில். மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பரில் தள்ளிவைக்கப்பட்ட இரவு நேரத் தெருப் பந்தயம், தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கிலோமீட்டர்ப் பாதையில், துறைமுகத்துக்குச் சற்றுத் தெற்கே நடந்தது. அதில் ஓடிய ஃபார்முலா 4 வகையில் எல்லோருக்கும் ஒரே அடிச்சட்டம், ஒரே எஞ்சின், ஒரே டயர் என்பதால், ஓட்டுநரின் திறமை நீங்கலாக ஒரு காரை இன்னொன்றிலிருந்து பிரிப்பது கேம்பரும் உயரமும் அதிர்வுதாங்கியும் இறக்கையின் கோணமும் காற்றழுத்தமும் மட்டுமே.